கேரியரில் வந்த டாக்டரம்மா

ஜீப்பின் சத்தம் கேட்டதுமே கீழப்படுகை ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் வாய்க்காலில் குதித்தார்கள்.

ஆடி மாதம். தண்ணீர் அப்போதுதான் கடைமடைக்கு வந்து சேர்ந்திருந்தது. வாய்க்கால் இடுப்பளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாற்றங்காலில் நின்றவர்கள், வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள், மர நிழலில் சாய்ந்திருந்தவர்கள் என்று வயது வித்தியாசம் பார்க்காமல் தொபுக் தொபுக்கென்று விழுந்து, எதிர்க்கரை ஏறி, மூங்கில் புதருக்குள் மறைந்துபோனார்கள். சுப்ராயன் என்ற பெரியவர் மட்டும் வெற்றிலைப் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கடந்தார். வெற்றிலை நனைந்தால் அன்றைக்கு அவருக்குப் பொழுது போகாது.

டாக்டர் ழானெத் ஜீப்பின் முன் இருக்கையில் உட்கார்ந்து இதையெல்லாம் வாயைப் பிளந்து பார்த்தாள். காரைக்கால் டவுனில் மாதாகோயில் பக்கம், பிரெஞ்சுப் பெயர் வைக்கும் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். படிப்பை முடித்து மேலப்படுகை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தன்னைக் கண்டு ஓர் ஊரே ஓடும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

“என்ன அல்லி, ஊர்ல தீ எதுவும் புடிச்சிருச்சா?” என்று பின்னால் திரும்பிக் கேட்டாள். அல்லி அந்த நிலையத்தின் நர்ஸ். பட்டினச்சேரிக்காரி. கடற்கரையில் வளர்ந்த தொண்டை, பேசினால் நாலு வீடு தள்ளிக் கேட்கும்.

“தீயெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டாக்டரம்மா. நம்மளப் பாத்துதான் ஓடுறாங்க.”

“நம்மளையா? எதுக்கு?”

“ஜீப்புன்னா ஆபரேஷன்னு நெனச்சிக்கிறாங்க. முந்தி எமர்ஜென்சி நேரத்துல எங்கயோ ஆம்பளைங்கள ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயி குடும்பக் கட்டுப்பாடு பண்ணி அனுப்பிட்டாங்கன்னு பேச்சு. அதுலேருந்து சர்க்கார் ஜீப்பு வந்தா ஒரு பய ஊர்ல நிக்க மாட்டான்.”

ஓட்டுநர் மதார் சாகிப்புக்கு மனசு கேட்கவில்லை. தினமும் தன் கையால் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும் வண்டி அது. “என் வண்டி என்னம்மா பாவம் பண்ணுச்சு?” என்றார்.

ஆண்களில் ஒருவன் மட்டும் வாய்க்காலுக்குப் போய்ச் சேரவில்லை. மருதையன் என்ற அந்த விவசாயக் கூலி, ஓட்டத்தில் பிந்திப்போய், கைக்கு எட்டிய தென்னை மரத்தில் விறுவிறுவென்று ஏறிவிட்டான். மட்டைகளுக்கு நடுவே அவனுடைய இரண்டு கால்களும் ஒரு கோடு போட்ட டிராயரும் மட்டும் தெரிந்தன. மரத்தடியில் அவன் பெண்டாட்டி லோகாம்பாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் ஐந்தாறு மாதக் கர்ப்பிணி. வயிறு மட்டும் எட்டு மாதத்துக்கு இருந்தது.

ழானெத் மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். “ஐயா, எறங்கி வாங்க. நான் ஆபரேஷனுக்கு வரல. சும்மா பாத்து விசாரிக்கத்தான் வந்தேன்.”

“எல்லாரும் அப்படித்தாங்க சொல்லுவாங்க!” என்று பதில் மேலேயிருந்து வந்தது.

“ஒங்க வீட்டம்மாவ ஒரு தடவ பாக்கணும். வயிறு பெரிசா இருக்கு.”

“வயிறு எங்க வயிறுங்க! அது பாட்டுக்கு இருக்கட்டும்!”

லோகாம்பாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நீங்க போயிட்டு வாங்கம்மா. நீங்க போனாத்தான் அது எறங்கும். மட்டை வேற பழுத்துக் கெடக்கு, விழுந்து தொலைஞ்சா நாந்தானே பாக்கணும்” என்று கெஞ்சினாள்.

டாக்டர் ஜீப்பில் ஏறிவிட்டாள். ஊரைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது, மூங்கில் புதரிலிருந்து தலைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன.

அது எழுபத்தெட்டாம் வருஷம். டாக்டர் என்றால் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு நோயாளி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, வீடு வீடாகப் போக வேண்டும், பணக்கார வீட்டுக்குக் குடும்ப டாக்டர் இருப்பதுபோலக் கூலிக்காரன் வீட்டுக்கும் ஒருவர் இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. மேலதிகாரி அம்பலவாணன் அதைக் கூட்டம் போட்டு விளக்கினார். மற்ற டாக்டர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ழானெத் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். அவளுக்கு அந்தப் பேச்சு அப்படியே பிடித்துப்போயிற்று. எந்த வீட்டில் யாருக்கு இளைப்பு, எந்தக் குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்று ஒரு ஊரையே மனப்பாடமாக வைத்திருக்கும் டாக்டராகத் தன்னை நினைத்துப் பார்த்தாள். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

அந்த டாக்டரைக் கண்டுதான் ஊர் வாய்க்காலில் குதித்தது. அடுத்த வாரமும் குதித்தது. குரும்பகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாய்க்கால் இல்லை. அங்கே வைக்கோல் போருக்குள் நுழைந்துகொண்டார்கள்.

ஆவணி பிறந்ததும் ஜீப் நின்றுபோயிற்று. நெடுங்காட்டுச் சாலையில் ஒரு புளியமரத்தடியில் கடைசியாக ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கியது. மதார் சாகிப் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, “யா அல்லா” என்று சாலையோரமாகவே உட்கார்ந்துவிட்டார். வண்டியை மாடு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். மதார் சாகிப் பின்னாலேயே, சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்துக்குப் போவதுபோலத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஜீப்பைச் சரிபார்த்து அனுப்பும்வரை என்று சொல்லி அம்பலவாணன் ஒரு சைக்கிளை அனுப்பிவைத்தார். பச்சை நிற லேடீஸ் சைக்கிள். புத்தம் புதிது. மணி அடித்தால் பிள்ளையார் கோயில் வரைக்கும் கேட்கும்.

ழானெத்துக்குச் சைக்கிள் விடத் தெரியாது. அவளுடைய அப்பா ரொபேர், பெண்பிள்ளை சைக்கிள் விட்டால் முன்பல் போய்விடும் என்று உறுதியாக நம்பியவர். சின்ன வயதில் அவள் கேட்டபோதெல்லாம், “மோன் தியே! பல்லு போயிருச்சுன்னா அப்புறம் யாரு கட்டிக்குவான்?” என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு அலறிவிடுவார்.

ஆனாலும் அவள் முயற்சி செய்தாள். நிலையத்துக்குப் பின்னால் இருந்த திடலில் மதார் சாகிப் சீட்டைப் பிடித்துக்கொள்ள, அல்லி “நேரா பாருங்க! கீழ பாக்காதீங்க! மிதிங்க, மிதிங்க!” என்று கத்த, மருந்து வாங்க வந்தவர்கள் சீசாவைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க, டாக்டரம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தாள். சைக்கிள் நேராகப் போய் ஓர் எருக்குழிக்குள் இறங்கியது. மறுநாளும் அதே எருக்குழிதான். அவ்வளவு பெரிய திடலில் சைக்கிளுக்கு வேறு இடமே தெரியவில்லை.

மூன்றாவது தடவை அல்லி பொறுக்க மாட்டாமல் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டாள்.

“ஏறுங்க பின்னாடி.”

“எங்க?”

“கேரியர்லதான். நான் மிதிக்கிறேன். டபுள்ஸ் போவோம். கடக்கரையில எங்க அண்ணன் சைக்கிள்ல மீன் கூடைய வச்சுக்கிட்டு ஈர மணல்ல விட்டவ நான். நீங்க என்ன, ஒரு கூடை கனம்தானே இருப்பீங்க?”

“டாக்டர் ஒருத்தி நர்சு பின்னாடி கேரியர்ல ஒக்காந்து போறதா? ஊரு என்னா சொல்லும்?”

“ஊருதான் ஒங்களப் பாத்தா ஓடிருதே. சொல்றதுக்கு யாரு நிக்கிறா?”

ழானெத் கேரியரில் ஏறினாள். மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் அல்லியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மறுகையில் குடை.

வாய்க்கால் கரையோரம் சைக்கிள் போகத் தொடங்கியதும் அவளுக்குள் என்னவோ ஆயிற்று. ஜீப்பில் போகும்போது புழுதியும் டீசல் புகையும்தான் தெரியும். இப்போது நாற்றின் வாசனை மூக்கில் ஏறியது. காற்று குடையைப் பிடித்து இழுத்தது. அல்லி மூச்சு வாங்கிக்கொண்டே மெட்டு ஒன்றை முனகினாள். தட்டாரப்பூச்சிகள் கூடவே பறந்து வந்தன. ழானெத்துக்குத் தன் வயதில் பாதி கழன்று வாய்க்காலில் விழுந்துவிட்டதுபோல இருந்தது. “இன்னும் வேகமாப் போ அல்லி!” என்றாள்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மதகைத் தாண்டினால் கீழப்படுகைக்கு ஓர் இறக்கம் உண்டு. சைக்கிள் அதில் இறங்கியதும் அல்லி கத்தினாள்: “டாக்டரம்மா, பிரேக் புடிக்கலீங்க!”

“என்னது?”

“கெட்டியாப் புடிச்சுக்கங்க!”

இறக்கத்தின் அடியில் ஒரு வாத்துக் கூட்டம் வழியை அடைத்துக்கொண்டு மேய்ந்துகொண்டிருந்தது. அல்லி விடாமல் மணியை அடித்தாள். வாத்துகள் குவாக் குவாக்கென்று இரண்டாகப் பிளந்தன. ஒரு வாத்து ழானெத்தின் மடிக்கு வந்து, மருந்துப் பைமேல் நின்று, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பறந்துபோயிற்று. குடை தனியாகப் போயிற்று. சைக்கிள் வரப்பில் ஏறி, நடவு நடந்துகொண்டிருந்த வயலுக்குள் பாய்ந்து, நின்றுவிட்டது. சைக்கிள்தான் நின்றது. அவர்கள் இரண்டு பேரும் இன்னும் கொஞ்ச தூரம் போய்ச் சேற்றில் உட்கார்ந்தார்கள்.

நடவுப் பெண்கள் குனிந்த நிலையிலேயே, கையில் நாற்றோடு பார்த்தார்கள். நாற்றுக்கட்டு தூக்கிக்கொண்டிருந்த ஆண்கள் ஓட மறந்துபோனார்கள். ஓடுவதற்கு ஜீப் வரவில்லையே. வந்தது ஒரு சைக்கிளும் இரண்டு பெண்களும் ஒரு குடையும்.

முதலில் லோகாம்பாள் ஆரம்பித்தாள். வரப்பில் உட்கார்ந்திருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் நடவு வரிசை முழுக்கச் சிரித்தது. அப்புறம் ஆண்கள். மருதையன் நாற்றுக்கட்டைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். ழானெத்துக்கு முதலில் கோபம் வந்தது. தலையிலிருந்து சேறு வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பார்த்தாள். அல்லியின் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரிந்தன. அவ்வளவுதான், டாக்டரம்மாவும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். எழுந்திருக்க முயன்றாள், சேறு வழுக்கி மறுபடி உட்கார்ந்தாள். அதைப் பார்த்து ஊர் இன்னொரு சுற்றுச் சிரித்தது. கடைசியில் மருதையன்தான் வயலில் இறங்கி, கையை நீட்டி, அவளைத் தூக்கிவிட்டான்.

“அடி எதுவும் படலீங்களே?” என்று கேட்டான். தென்னை மரத்திலிருந்து பேசியவனா இவன் என்று இருந்தது அவளுக்கு.

சுப்ராயனுக்குச் சிரித்துச் சிரித்து இளைப்பு வந்துவிட்டது. வாயில் வெற்றிலையோடு மூச்சு வாங்க முடியாமல் மரத்தடியில் சாய்ந்தார். ழானெத் வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்து, அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். கீழப்படுகையில் அவள் பார்த்த முதல் நோயாளி அவர்தான்.

“எவ்வளவு நாளா இப்படி இளைக்குது?”

“பனிக்காலத்துல வரும், போவும். இன்னிக்கு ஒங்களாலதாம்மா வந்துச்சு.”

அந்தக் குழாயை அவர் நெஞ்சில் வைத்ததைப் பார்த்ததும் எல்லோருக்கும் தங்கள் நெஞ்சிலும் வைத்துப் பார்க்கவேண்டும்போல ஆகிவிட்டது. வரிசையில் நின்றார்கள். காது வலி, காலாணி, குழந்தையின் சிரங்கு, யாரிடமும் சொல்லாத மூட்டுவலி எல்லாம் வெளியே வந்தன. கடைசியாக லோகாம்பாள் வந்தாள். அவளை வீட்டுக்குள்ளே பாயில் படுக்கவைத்து, அடிவயிற்றில் கருவின் துடிப்பைக் கேட்கும் மரக்குழலை வைத்துக் கேட்டாள் ழானெத். ஓரிடத்தில் கேட்டாள். பிறகு வேறோர் இடத்தில் கேட்டாள். பிறகு அல்லியைக் கேட்கச் சொன்னாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மருதையன், உள்ள வாங்க. காத இதுல வைங்க.”

அவன் பயந்துகொண்டே மண்டியிட்டுக் குழலில் காதை வைத்தான். குதிரை ஓடுவதுபோல ஒரு சத்தம். “கேக்குதுங்க!” என்றான். டாக்டர் குழலை நகர்த்தினாள். “இப்ப?” அங்கேயும் ஒரு குதிரை ஓடியது, வேறு வேகத்தில்.

“ரெண்டு பேரு இருக்காங்க” என்றாள் ழானெத்.

மருதையன் குழலிலிருந்து காதை எடுக்கவில்லை. அப்புறம் மெதுவாக, “ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுறாங்களேம்மா, யாருக்குன்னு பதில் சொல்றது?” என்றான். எழுந்தபோது தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

பிரசவத்தை டவுன் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொன்னபோது மட்டும் அவன் முகம் மாறியது. டவுன் என்றால் ஆபரேஷன், ஆபரேஷன் என்றால் ஜீப். பேசிப் பேசி, ஒன்பதாம் மாதம் பிறந்ததும் போவது என்று ஒப்புக்கொண்டான்.

அன்றிலிருந்து பச்சைச் சைக்கிள் வரும் நாள் கீழப்படுகைக்குத் திருவிழா நாளானது. பிரேக்கைச் சரிபண்ணிவிட்டார்கள். ஆனாலும் இறக்கத்தில் ஊர் கூடி நின்று, வாத்துகளை ஓரம் கட்டி, “வரலாம், வரலாம்!” என்று கை காட்டியது. ழானெத் என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. கொஞ்ச நாள் சானட்டு என்றார்கள், பிறகு ஜானகியம்மா ஆக்கிவிட்டார்கள். குரும்பகரம் பக்கத்திலும் வைக்கோல் போருக்குள் யாரும் நுழையவில்லை. சுல்தான் பீவி என்ற அம்மாள் தன் வீட்டு வாசலில் சைக்கிளை மறித்து, இஞ்சி டீ குடிக்காமல் போகவிட மாட்டேன் என்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வார். அவருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதை அந்த டீயை வைத்துத்தான் ழானெத் கண்டுபிடித்தாள். டாக்டருக்குக் கொடுத்ததில் ஒரு கரண்டி சர்க்கரை, தனக்குப் போட்டுக்கொண்டதில் நாலு கரண்டி, குடித்து முடிப்பதற்குள் இரண்டு சொம்பு தண்ணீர்.

ஐப்பசி அடைமழையோடு வந்தது. ஒரு நாள் காலை, மழை கொஞ்சம் விட்டிருந்த நேரத்தில், ஜீப் திரும்பி வந்தது. அம்பலவாணனே நேரில் கொண்டுவந்தார். மதார் சாகிப் வண்டியின் நெற்றியில் பூச்சரம் சுற்றியிருந்தார். புது எஞ்சின். ஒரு தட்டுக்குப் பிடித்துக்கொண்டது. “இனிமே ஒங்களுக்குச் சைக்கிள் அவஸ்தை இல்ல டாக்டர்” என்று அம்பலவாணன் பெருமையாகச் சொன்னார். ழானெத்தும் அல்லியும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நன்றி சொன்னார்கள்.

அப்போதுதான் மருதையன் ஓடிவந்தான். இடுப்புவரைக்கும் சேறு.

“அம்மா! வலி எடுத்துருச்சு! நாளு இன்னும் இருக்குன்னீங்களே, அதுக்குள்ள எடுத்துருச்சு!”

“ஜீப்புல ஏறுங்க!” என்றாள் ழானெத், பையைத் தூக்கிக்கொண்டே.

மருதையன் ஜீப்பைப் பார்த்தான். ஒரு அடி பின்னால் போனான். “நீங்க போங்க. நான் ஓடியாந்துர்றேன்.”

“ஓடியா?” என்று அல்லி சத்தம் போட்டாள். “நீ ஓடி வந்து சேர்றதுக்குள்ள ஒம் புள்ளைங்க பள்ளிக்கூடம் போயிரும். ஏறுய்யா!”

அவன் கண்ணை மூடிக்கொண்டு ஏறினான். அம்பலவாணனும் ஏறினார். அல்லி மட்டும் ஜீப்பை நம்பாமல், சைக்கிளைப் பின்பக்கம் கயிறு போட்டுக் கட்டிவிட்டு ஏறினாள்.

அவள் நினைத்தது சரிதான். மதகுக்குப் பக்கத்துத் திருப்பத்தில் கரை மண் கரைந்து களியாகக் கிடந்தது. புது எஞ்சின் உறுமியது. சக்கரம் சுற்றியது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, பூச்சரத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

யாரும் யோசிக்கவில்லை. அல்லி சைக்கிளை அவிழ்த்தாள். ழானெத் கேரியரில் ஏறிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மருதையன் பின்னாலிருந்து தள்ளினான். சேற்றில் அல்லி மிதித்தது பாதி, அவன் தள்ளியது பாதி. “தள்ளு, தள்ளு!” என்று அவள் கத்த, “மிதி தாயி, மிதி!” என்று அவன் கத்த, இறக்கத்தில் சைக்கிள் அவன் கையை விட்டுக் கிளம்பியது. மழைத் தண்ணீரை இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு லோகாம்பாள் வீட்டு வாசலில்தான் போய் நின்றது.

முதல் குழந்தை அவர்களுக்காகக் காத்திருந்ததுபோலத்தான் வந்தது. ழானெத் கையைக் கழுவி உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பெண் குழந்தை ஒன்று வீல் என்று கத்திக்கொண்டு பிறந்தது. அல்லி வாங்கித் துடைத்துத் துணியில் சுற்றினாள். ஆனால் இரண்டாவது குறுக்கே கிடந்தது. வயிற்றின் மேலே கை வைத்ததுமே டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே கைவிட்டுத் திருப்பவேண்டும். படிக்கும்போது ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். ஒரு தடவை செய்திருக்கிறாள், அப்போது பக்கத்தில் பெரிய டாக்டர் நின்றார். இங்கே கூட இருந்தது கூரைமேல் கொட்டிய மழைதான்.

“லோகாம்பா, என்னையப் பாரு. நான் சொல்றப்ப முக்கக் கூடாது. புரியுதா? மூச்ச மட்டும் விடு.”

“சரிங்கம்மா” என்றாள் லோகாம்பாள். வலியிலும் அவளுக்கு வாய் அடங்கவில்லை. “இது அவங்க அப்பன் மாதிரிம்மா. சொன்னா எறங்காது.”

ழானெத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை உள்ளே விட்டாள். தேடினாள். ஒரு குதிகால் தட்டுப்பட்டது. சின்னது, வழுக்குகிற குதிகால். அதை விடாமல் பிடித்துக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாக இழுத்தாள். கால் வந்தது, இன்னொரு கால் வந்தது, இடுப்பு, தோள், கடைசியில் தலை. ஆண் குழந்தை. சத்தமில்லை. முதுகைத் தேய்த்தாள், வாயைத் துடைத்தாள், பாதத்தில் சுண்டினாள். அந்தக் கொஞ்ச நேரம் மழைகூடக் கேட்கவில்லை. பிறகு அது தும்மியது. தும்மிவிட்டு, அக்காவைவிட உரக்கக் கத்தியது. வெளியே நின்ற ஊரும் சேர்ந்து கத்தியது.

ஆனால் லோகாம்பாளுக்கு ரத்தம் போவது டாக்டர் நினைத்த அளவுக்கு நிற்கவில்லை. ஊசி போட்டாள், வயிற்றைப் பிடித்துவிட்டாள். ஓரளவு கட்டுப்பட்டது. இருந்தாலும் டவுனுக்குக் கொண்டுபோய்விடுவதுதான் நல்லது. வாசலுக்கு வந்து நின்றாள்.

“ஜீப்பு வேணும். மதகுகிட்ட சேத்துல மாட்டிக்கிட்டிருக்கு. யாராவது...”

அவள் பேசி முடிக்கவில்லை. கடப்பாரை, கயிறு, மூங்கில், மண்வெட்டி என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கீழப்படுகை ஆண்கள் அத்தனை பேரும் மதகை நோக்கி ஓடினார்கள்.

அங்கே நடந்ததை ழானெத் பிறகு மதார் சாகிப் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். மழைக்குள்ளிருந்து ஒரு கும்பல் கடப்பாரையோடு ஓவென்று கூச்சல் போட்டுக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓடிவருவதைப் பார்த்தார் அம்பலவாணன். ஊர் ஜனங்களுக்கு ஜீப் மேல் இருக்கும் கோபம் அவருக்கு நன்றாகத் தெரியும். “சாகிப், வந்துட்டாங்கய்யா!” என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். கதவைத் திறந்து, செருப்பு, கண்ணாடி, பேனா எல்லாவற்றோடும் வாய்க்காலில் குதித்துவிட்டார்.

சுப்ராயன்தான் மூங்கிலை நீட்டி அவரைக் கரையேற்றினார். “நீங்க எதுக்குங்க குதிச்சீங்க? குதிக்கிறது நாங்கல்ல?” என்று கேட்டாராம்.

ஜீப்பைத் தள்ளவில்லை. தூக்கினார்கள். நாலு பக்கமும் தோள் கொடுத்து, சாமிப் பல்லக்கைத் தூக்குவதுபோலத் தூக்கிக் கெட்டித் தரையில் வைத்தார்கள். மதார் சாகிப்பை இறங்கக்கூட விடவில்லை. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்து ஊர்வலம் வந்தார்.

வாசலுக்கு வந்த ஜீப்பின் பின் இருக்கையில் லோகாம்பாளைப் படுக்கவைத்தார்கள். தலைமாட்டில் ழானெத், கால்மாட்டில் அல்லி. தொப்பலாக நனைந்திருந்த அம்பலவாணன், ஜீப்பின் கித்தான் கூரை ஒழுகிய இடத்தில் தன் கையாலேயே குடையை விரித்து லோகாம்பாளுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். முன் இருக்கையில் மருதையன், இரண்டு கையிலும் இரண்டு குழந்தை. ஊர் ஆண்கள் விசில் அடித்துக்கொண்டு கரை முடியும்வரை கூடவே ஓடிவந்தார்கள். சாலையில் ஏறி வண்டி வேகம் எடுத்ததும் மருதையன் திரும்பி, “இதுல போறது இவ்வளவு சொகமா இருக்கும்னு யாரும் சொல்லலியே சாகிப்பு!” என்றான்.

“நீ நின்னு கேட்டாத்தானே சொல்றதுக்கு” என்றார் மதார் சாகிப்.

டவுன் ஆஸ்பத்திரியில் லோகாம்பாளுக்குப் பாட்டில் ஏற்றினார்கள். மத்தியானத்துக்குள் ரத்தம் நன்றாக நின்றுவிட்டது. “பசிக்குது” என்றாளாம். அந்தச் செய்தி வார்டிலிருந்து வெளியே வந்ததும், வராந்தாவில் உட்கார்ந்திருந்த ழானெத்தும் அல்லியும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு காரணமே இல்லாமல் சிரித்தார்கள். இரண்டு பேர் புடவையும் காய்ந்து, அட்டை மாதிரி விறைத்து நின்றது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ஆயா, “ஒங்களயும் சேக்கணுமாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சேதி தெரிந்து ரொபேர் மாற்றுப் புடவையோடும் இட்லிப் பொட்டலத்தோடும் வந்து சேர்ந்தார். மகளை ஏற இறங்கப் பார்த்தார். “மோன் தியே! இது டாக்டரா, நடவுக்காரியா?” என்றார். “ரெண்டுந்தான் அப்பா” என்று சொல்லிவிட்டு, ழானெத் கையைக்கூடக் கழுவாமல் போய் இட்லியைப் பிரித்தாள். அல்லிதான் பிடித்து இழுத்துக் குழாயடிக்குக் கொண்டுபோனாள்.

அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தூணோரமாக யாரோ தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார்கள். மருதையன். காலையிலிருந்து குழந்தைகளை அவன் யாரிடமும் கொடுக்கவில்லை. நர்ஸ் கேட்டும் கொடுக்கவில்லை. வலதுகையில் பெண், இடதுகையில் பையன். இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தன.

“ஜானகியம்மா...”

“என்ன மருதையன்? புள்ளைங்களுக்கு ஏதாவதா?” என்று ழானெத் பதறி எழுந்தாள்.

“அதெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. வேற ஒண்ணும் இல்ல.” அவன் முகத்தைக் கோணலாகச் சுளித்தான். உதட்டை மேலே தூக்கிப் பார்த்தான், கீழே இறக்கிப் பார்த்தான். “ரொம்ப நேரமா மூக்கு அரிக்குதுங்க. எந்தக் கைய எடுக்கறதுன்னு தெரியல.”

காரைக்கால் டவுன் ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, டாக்டரம்மா அவனுடைய மூக்கைச் சொறிந்துவிட்டாள்.

“இன்னும் கொஞ்சம் மேலங்க” என்றான் மருதையன், கண்ணை மூடிக்கொண்டு.